ஆறாமீனுக்குத் தெற்கே ஒரு சிவப்பு

மாம்புரி
2022 ஒக்டோபர் 24

ரிப்கான் தம்பிக்கு,

ஸலாம். உங்கள் நம்பரை என் ஃபோனில் தடுத்து வைத்திருக்கிறேன் என்று உங்கள் பெண்சாதி நிஃப்லா மனவருத்தப்பட்டாள். ஓம், தடுத்துத்தான் வைத்திருக்கிறேன். ஃபோனில் கதைத்தால் நாளைக்கு, "நான் அப்படிச் சொல்லல்லயே மதினி" என்பீர்கள். இனி எனக்கு எல்லாம் எழுத்தில் வேண்டும், கீழே உங்கள் கையொப்பத்தோடு. நிஃப்லா வியாழக்கிழமைகளில் கருவாடு கொண்டு கற்பிட்டிக்கு வருகிறாள்தானே. அவளிடமே கொடுத்தனுப்புங்கள்.

போன வருஷம் ஒக்டோபர் ஆறாம் திகதி நீங்களும் என் புருஷன் ஹாசிமும் ஒரே போட்டில் கடலுக்குப் போனீர்கள். விடிய நீங்கள் மட்டும் வந்தீர்கள். அவர் கடலில் விழுந்து மௌத்தாகிவிட்டார் என்றீர்கள். நேவி மூன்று நாள் தேடியும் மையத்து கிடைக்கவில்லை. கண்ட சாட்சி இந்த உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். உங்கள் ஒரு வாயை நம்பி பள்ளிவாசலில் என்னை விதவை என்று முடிவெடுத்தார்கள். என் உம்மா வெள்ளைச் சாறியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, "இத்தா இரி மகள், ஊர் என்ன சொல்லும்" என்று அழுதா. நான் இருக்கவில்லை. நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து வீட்டுக்குள் இருந்தால், அவர் மௌத்து என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

வெளிநாடு போக வேண்டும் என்று அவர் மனம் ஓடிக்கொண்டிருந்தது உங்களுக்கும் தெரியும். களவாகப் போட்டில் போகிறவர்களின் வீடியோ ஒன்று இந்த வருஷம் வாட்ஸ்அப்பில் வந்தது. பின்னால் ஒருவர் தொப்பியோடு, முழங்காலைக் கட்டிக்கொண்டு இருக்கிறார். ஹாசிம் அப்படித்தான் இருப்பார். முகம் தெரியவில்லை. நாற்பது செக்கன்தான் அந்த வீடியோ. எத்தனை தரம் பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

மூன்றாம் நாள் எங்கள் முற்றத்தில் நின்று நீங்கள் சொன்னதை ஒரு சொல் விடாமல் வைத்திருக்கிறேன். "நாநா ஆறாமீனுக்குத் தெற்கால அந்தச் சிவப்பு வெள்ளியப் பாத்துக்கொண்டு நின்டாரு மதினி. அப்பத்தான் அல அடிச்ச." நான் தையல்காரி. அளந்து பார்க்காமல் துணியில் கத்தரிக்கோல் வைக்கிறவள் இல்லை. வருஷம் திரும்பி அதே காலம் வரட்டும் என்று பார்த்திருந்தேன். ஸபர் மாத இருட்டில் முகில். இந்த மாத இருட்டில் மூன்று இரவு முற்றத்தில் கதிரை போட்டுப் பார்த்தேன். ஆறாமீன் இருந்தது, அந்த ஆறு குட்டி வெள்ளியையும் எண்ணலாம் போல இருந்தது. நீங்கள் சொன்ன இடத்தில் ஒன்றுமே இல்லை. ஃபோனில் வானத்து நட்சத்திரங்களைக் காட்டுகிற செயலி ஒன்றை இறக்கி அந்தப் பக்கம் பிடித்தேன். அங்கே ஒரு புள்ளியைக் காட்டி, வெறுங்கண்ணுக்குத் தெரியாது என்று போட்டிருக்கிறது. எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவரும் அப்படி ஒரு வெள்ளியை எனக்கு ஒருநாளும் காட்டியதில்லை.

கண்ணுக்குத் தெரியாத வெள்ளியை அவர் எப்படித் தம்பி பார்த்துக்கொண்டு நின்றார்? அது பொய் என்றால் மற்றதும் பொய். மற்றது பொய் என்றால் அவர் ஹயாத்தோடு இருக்கிறார். என்னை விட்டுவிட்டுத்தான் போனார் என்றாலும் பரவாயில்லை. உயிரோடு இருக்கிறார் என்று ஒரு வரி எழுதுங்கள், உங்களை நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

அஸ்கா


உச்சமுனை
2022 ஒக்டோபர் 31

மதினிக்கு, வஅலைக்கும் ஸலாம்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்துக் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக நான் எழுதிய கடிதம் நிஃப்லாவுக்கு, கல்யாணத்துக்கு முன்னால். அதற்குப் பிறகு பேனை பிடித்தது பொலிஸில்தான்.

ஹாசிம் நாநா எனக்குப் பெரியம்மாவின் மகன் மட்டும் இல்லை. என்னைக் கடலுக்குக் கூட்டிப்போனவர் அவர். பதினொரு வருஷம் ஒரே போட்டில் ஒரே சட்டியில் சாப்பிட்டோம். அவரை எங்கேயோ அனுப்பிவிட்டு உங்கள் முற்றத்தில் வந்து நின்று மௌத்து என்று சொல்ல எனக்கு எப்படி மனம் வரும்? அதையும் எழுத்தில் கேட்கிறீர்கள். எழுதுகிறேன். வல்லாஹி, அவர் மௌத்து. நான் கண்டேன்.

வெள்ளியும் உண்மை. ஆறாமீன் கிளம்பி ஒரு தென்னை உயரம் வந்த பிறகு, அதற்கு வலப்பக்கம் கொஞ்சம் மேலே பார்க்க வேண்டும். சுற்றிவர வெறும் இடம். மங்கலாகத்தான் இருக்கும். நேரே பார்த்தால் ஓடிவிடும், கண்ணைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தால் நிற்கும். நெருப்புக்குச்சியை ஊதி அணைத்த பிறகு நுனியில் ஒரு சிவப்பு நிற்குமே, அவ்வளவுதான். கடலில் எத்தனையோ பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நாநாவுக்கு அதில் ஒரு பைத்தியம்.

இனி எழுதப் போவதை எழுத வேண்டாம் என்று நிஃப்லா சொன்னாள். உங்கள் கடிதம் கிடைத்த இரவு, நிலவு இறங்கும் வரைக்கும் கரையில் இருந்துவிட்டு நானும் பார்த்தேன். மதினி, அது அங்கே இல்லை. அடுத்த நாளும் பார்த்தேன். இல்லை. என் கண்ணிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பதினொரு வருஷம் கடலில் கிடந்தவனுக்கு இடம் மாறுமா? எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்கு இருந்தது.

ரிப்கான்


மாம்புரி
2022 நவம்பர் 8

ரிப்கான் அவர்களுக்கு,

இல்லை என்று நீங்களே கையொப்பம் போட்டுத் தந்துவிட்டீர்கள். இனி நான் என்னத்தைக் கேட்க?

முதலில் ஒரு சின்ன விசயம். நான் அனுப்பிய கடிதத்தை ஸ்டேப்ளரால் இரண்டு கம்பி அடித்து மூடி அனுப்பினேன். உங்கள் கைக்கு வரும்போது எத்தனை இருந்தது என்று எழுதுங்கள். உங்களுடையது என்னிடம் வந்தபோது கம்பியே இல்லை, பசையால் ஒட்டியிருந்தது, அதுவும் ஒரு மூலை கிளம்பி இருந்தது. நம் இரண்டு பேருக்கும் நடுவில் இன்னும் யாரோ வாசிக்கிறார்கள்.

இரண்டாவது. பொலிஸில் நீங்கள் கொடுத்த வாக்குமூலத்தின் பிரதி என்னிடம் இருக்கிறது. அதில், "வலையைப் பார்க்க எழும்பினார், அலை அடித்து விழுந்தார்" என்று இருக்கிறது. பள்ளிவாசலில் சொன்னதும் வலைதான். எனக்கு மட்டும் ஏன் வெள்ளி? வலையா வெள்ளியா? ஒரே மனிதர் ஒரே நேரத்தில் குனிந்து வலையையும் நிமிர்ந்து வானத்தையும் பார்த்தாரா? ஒருவர் மௌத்தானதைக் கண்ணால் கண்டவருக்கு அது ஒரு கதையாகத்தானே இருக்க வேண்டும்.

மூன்றாவது. மாம்புரியில் சொந்த வீடு இருக்க, போய் உச்சமுனையில் என்னத்துக்கு இருக்கிறீர்கள்? சுற்றிவரத் தண்ணீர், ஃபோன் சிக்னல் எடுக்க வேண்டும் என்றால் மணல் திட்டில் ஏற வேண்டும். ஒளிய வேண்டியவர்கள்தான் அப்படி இடம் தேடுவார்கள். அவர் போன ஒரு மாதத்தில் நீங்கள் குடிபோனீர்கள். நான் எண்ணி வைத்திருக்கிறேன்.

நீங்கள் எதையோ மறைக்கிறீர்கள். அது மட்டும் எனக்கு நிச்சயம். உங்கள் கடிதத்தை வாசிக்கும்போது ஓர் இடத்தில் பேனை நின்று, திரும்பித் தொடங்கியது தெரிகிறது. "நான் கண்டேன்" என்ற இடத்துக்குப் பக்கத்தில்.

அஸ்கா


உச்சமுனை
2022 நவம்பர் 21

மதினி,

கம்பி ஒன்றுதான் இருந்தது. மற்றதைக் கழற்றியது நிஃப்லா. நான் சத்தம் போட்டேன். "என்ட புருஷன ஒருத்தி கொலகாரன் மாதிரி கேள்வி கேக்கிறா, நான் வாசிக்கத்தான் செய்வேன்" என்றாள். அவள் சொன்னதிலும் பிழை இல்லை. உங்களுக்கு மட்டும்தான் மனம் இருக்கிறது என்று நினைத்துவிட்டீர்கள்.

உச்சமுனைக்கு ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். மாம்புரியில் என் வீட்டிலிருந்து கரைக்குப் போகிற வழி உங்கள் வாசலைத் தாண்டித்தான் போகிறது. காலையில் போகும்போதும் நீங்கள் தையல் மெசினுக்கு முன்னால் இருந்து வெளியே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். வரும்போதும் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். எனக்குப் பின்னால் இன்னும் ஒருவர் வருகிறாரா என்று எட்டிப் பார்ப்பீர்கள். என்னால் முடியவில்லை. அதுதான் வந்தேன். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

நாநாவை நான் எங்கேயும் ஒளித்து வைக்கவில்லை. வைத்திருந்தால் எவ்வளவு நல்லது.

வலை, வெள்ளி என்று கேட்கிறீர்கள். வலையும் இருந்தது, வெள்ளியும் இருந்தது. அதற்கு மேல் கேட்காதீர்கள்.

ஒன்று நினைவு வந்தது. அந்த வெள்ளி எப்போதும் நிற்கிற ஒன்று இல்லை. கொஞ்ச மாதம் காணாமல் போய்த் திரும்பி வரும். நாங்கள் மழை முகில், பனிப்புகார் என்று நினைத்துக்கொள்வோம். நாநா மட்டும், முதன்முதல் காணுகிற நாளைக் கொப்பியில் குறித்து வைப்பார். "இவன் வாறதுக்கு ஒரு கணக்கு ஈக்கிது" என்பார். அந்தக் கணக்கை என்னிடம் சொன்னதில்லை. கேட்கிற அளவுக்கு எனக்கும் அதில் அக்கறை இருக்கவில்லை. போன வருஷம் அது எப்போது வந்தது போனது என்றும் தெரியாது, ஜூன் ஜூலை முழுக்க டீசல் தட்டுப்பாட்டில் எண்ணெய் வரிசையில் கிடந்தோம், யாரும் கடலுக்குப் போகவில்லை. இங்கே போன வருஷம் என்று எழுதிவிட்டேன், இந்த வருஷம்தான்.

கொப்பி உங்களிடம்தான் இருக்கிறது. நீலமட்டை, மூலையில் டீசல் பட்டது.

ரிப்கான்


மாம்புரி
2023 ஜனவரி 12

ரிப்கான் தம்பிக்கு,

பதில் எழுத இவ்வளவு நாள் எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது.

அந்தக் கொப்பியை நான் ஒரு தரம் அல்ல, பத்துத் தரம் புரட்டியிருக்கிறேன். ஃபோன் நம்பர் ஏதாவது இருக்கிறதா, ஏஜென்ட்மாரின் பெயர் இருக்கிறதா என்று தேடினேன். எந்த இடத்தில் என்ன மீன் பட்டது, காற்று எப்படி என்று எழுதிய பக்கங்களை வாசிக்கவே இல்லை. உங்கள் கடிதம் வந்த பிறகுதான் அலுமாரியிலிருந்து எடுத்து முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். ஒவ்வொரு வருஷமும் ஓர் இடத்தில் பேனையை அழுத்தி எழுதியிருக்கிறார்.

2018 ஒக்டோபர் 27, சிவப்பு வெள்ளி வந்தது.
2019 செப்டம்பர் 24, சிவப்பு வெள்ளி வந்தது.
2020 ஓகஸ்ட் 20, வந்தது.
2021 ஜூலை 19, விடியப்புறம். வந்துவிட்டான்.

பழைய கலண்டர்களைத் தரையில் விரித்து நாள் எண்ணினேன். 332. அடுத்தது 331. அடுத்தது 333. ஒரு வருஷம் அல்ல, பதினொரு மாதம். ஒவ்வொரு வருஷமும் ஒரு மாதம் முந்தி வருகிறது. கொஞ்ச மாதம் நின்று மங்கிப் போகிறது. இந்தக் கணக்குப்படி 2021 ஒக்டோபரில் அது மங்கிக்கொண்டு, ஆனால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருந்திருக்கலாம். 2022 ஒக்டோபரில் போய் முடிந்திருக்கும். நான் கதிரை போட்டு இருந்த இரவுகளில்.

உடனே சந்தோசப்பட்டுவிடாதீர்கள். நீங்கள் இந்தக் கொப்பியை முந்தியே பார்த்துவிட்டு, அதற்கு ஏற்ற மாதிரி கதை கட்டியிருக்கலாம். ஒரே போட்டில் இருந்தவர்தானே. அதனால் உங்கள் வாயும் வேண்டாம், அவர் கையெழுத்தும் வேண்டாம். கணக்குப்படி அடுத்த வரவு 2023 மே மாதம் பதினாலாம் திகதி அளவில். அது என் கண்ணுக்கு வரட்டும். வந்தால் நம்புகிறேன்.

உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் அது வரக்கூடாது என்று துஆ கேட்கிறேன். ஒரு வெள்ளி வராமல் இருந்தால் என் புருஷன் உயிரோடு இருக்கிறார். அல்லாஹ்வுக்கு அது பெரிய வேலையா?

அஸ்கா


உச்சமுனை
2023 ஜனவரி 20

மதினி,

வாசித்தேன். கம்பி இரண்டும் இருந்தது.

நான் அது வர வேண்டும் என்று துஆ கேட்பேன் என்று நினைப்பீர்கள். இல்லை. வராமல் இருந்தால் எனக்கும் நல்லது. நான் பொய்யனாகவே இருந்துவிட்டுப் போகிறேன், ஊரில் எல்லோரும் என் முகத்தில் காறித் துப்பட்டும். நாநா ஒருநாள் தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கி வரட்டும்.

ஆனால் மதினி, நான் கண்டதைக் காணவில்லை என்று எழுத மாட்டேன். அப்படி ஒரு தரம் சொன்னது போதும்.

ரிப்கான்


மாம்புரி
2023 மே 25

தம்பி,

பதினாலாம் திகதி போய்ப் பதினொரு நாள் ஆகிவிட்டது. வரவில்லை.

முன்னிரவில் பார்த்தேன், நடுச்சாமத்தில் பார்த்தேன், விடியப்புறம் பார்த்தேன். ஆறாமீனைக்கூடக் காணவில்லை. வானம் முகில் இல்லாமல் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. அப்படியிருந்தும் இல்லை. கணக்குப் பிழை, கொப்பி பிழை, நீங்கள் பிழை.

"அப்படி ஒரு தரம் சொன்னது போதும்" என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். எதைச் சொன்னீர்கள், யாரிடம் சொன்னீர்கள்? வாசிக்கும்போதே அதில் கோடு போட்டு வைத்தேன். மறந்துவிடுவேன் என்று நினைக்காதீர்கள்.

உங்களிடம் சொல்வதற்கு என்ன, அவருக்கு ஒரு சேட் வெட்டியிருக்கிறேன். வெள்ளையில் நீலக் கோடு. அளவு எடுக்க வேண்டிய தேவை இல்லை, அவர் அளவு என் கையில் இருக்கிறது. ஹஜ்ஜுப் பெருநாளைக்குள் தைத்து முடித்துவிடுவேன். உம்மா பார்த்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டா.

அஸ்கா


உச்சமுனை
2023 மே 31

மதினி,

இதை எழுதாமல் இருக்க நாலு நாள் முயன்றேன். எழுதாவிட்டால் நீங்கள் அந்தச் சேட்டைத் தைத்து முடித்துவிடுவீர்கள்.

ஆறாமீனைக் காணவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதுதான் காரணம். மே மாதத்தில் வானத்தின் அந்தப் பக்கம் முழுக்கச் சூரியனை ஒட்டித்தான் கிளம்பும். கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் விடிந்துவிடும். வெள்ளி வந்திருந்தாலும் வெளிச்சம் அதை மறைத்துவிடும். பெரிய வெள்ளிகளே தெரியாது, இது எப்படித் தெரியும்?

ஜூன் பத்துக்குப் பிறகு, தேய்பிறையில், சுபஹுக்குப் பாங்கு சொல்வதற்கு முந்திக் கிழக்கே பாருங்கள். முதலில் ஆறாமீன் கிளம்புகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு வலப்பக்கம், மேலே.

மற்றதற்குப் பதில் பிறகு எழுதுகிறேன். முதலில் நீங்கள் அதைப் பாருங்கள்.

ரிப்கான்


மாம்புரி
2023 ஜூன் 18

தம்பி ரிப்கான்,

நேற்று விடியப்புறம் கண்டேன்.

நாலு மணிக்கு முற்றத்துக்கு வந்தேன். ஆறாமீன் தென்னை மரங்களுக்கு நடுவில் அப்போதுதான் தலை காட்டியது. வலப்பக்கம் மேலே பார்த்தேன். இருந்தது. தேட வேண்டி இருக்கவில்லை. நீங்கள் எழுதியதைவிட வெளிச்சமாக, பக்கத்தில் வேறு ஒன்றும் இல்லாமல், சிவப்பாக நின்றது. கண்ணைக் கசக்கிப் பார்த்தேன், மூடித் திறந்து பார்த்தேன். பாங்கு சொல்லி முடிந்த பிறகும் நின்றது. பிறகு வானம் வெளுத்து, மெல்ல மெல்லப் போய்விட்டது. நான் கீழே மணலில் இருந்துவிட்டேன். உம்மா வந்துதான் எழுப்பினா.

செயலியைத் திரும்பத் திறந்து பார்த்தேன். வெறுங்கண்ணுக்குத் தெரியாது என்ற வரியைக் காணவில்லை. அதற்குக் கீழே அன்றைக்கும் இங்கிலீசில் ஒரு பந்தி இருந்தது. நேற்று அதை ஒவ்வொரு சொல்லாகக் கூட்டி வாசித்தேன். வயது போன, பெரிய வெள்ளியாம். ஊதி ஊதிச் சுருங்குமாம். சராசரி முந்நூற்றி முப்பத்திரண்டு நாளுக்கு ஒரு தரம் கண்ணுக்குத் தெரிகிற அளவு வெளிச்சமாகி, திரும்ப மங்கிப் போகுமாம். எட்டு மாதத்துக்கு முந்தியே இதை நான் வாசித்திருக்கலாம். எனக்கு வேண்டிய வரி கிடைத்ததும் நிறுத்திவிட்டேன்.

இது வரக்கூடாது என்று கேட்ட துஆவை அல்லாஹ் ஏற்கவில்லை. அதில் யாருக்கும் குற்றம் இல்லை. வெள்ளி விசயத்தில் நீங்கள் உண்மைதான் சொன்னீர்கள். ஆகவே மற்றதும் உண்மை. எழுதிவிட்டேன்.

சேட்டுக்குக் கை மட்டும்தான் வைக்க வேண்டி இருந்தது. மடித்து வைத்துவிட்டேன்.

இன்னும் ஒன்று பாக்கி. வெள்ளி உண்மை என்றால் பொலிஸில் ஏன் வலை என்றீர்கள்? என்ன சொன்னது போதும் என்றீர்கள்? இனி எனக்கு நம்பிக்கையும் இல்லை, பயமும் இல்லை. எழுதுங்கள்.

அஸ்கா


உச்சமுனை
2023 ஜூன் 23

மதினி,

இதை நிஃப்லாவுக்கும் சொன்னதில்லை. இந்தக் கடிதத்தை அவளிடம் கொடுக்கவில்லை, நானே தோணியில் வந்து கற்பிட்டியில் தபாலில் போடுகிறேன்.

அன்றைக்கு வலையைப் போட்டுவிட்டு இருந்தோம். கடல் பெரிதாக ஒன்றும் இல்லை. நாநா கரைப்பக்கம் கையைக் காட்டி, "அந்தா பாரு, மங்கிட்டான். இன்னும் பத்து நாளில போயிடுவான்" என்றார். பார்த்தேன். கண்டேன். நன்றாகவே கண்டேன்.

ஆனால் அவர் எப்போதும் இந்த வெள்ளியைப் பற்றியே கதைத்துக்கொண்டிருப்பார், எனக்கு அவரைக் கொஞ்சம் சீண்டிப் பார்க்க வேண்டும் போல இருந்தது. "எங்க நாநா? ஒண்டும் தெரியல்லயே" என்றேன். "ஆறாமீனுக்கு இங்கால" என்றார். தெரியல்ல என்றேன். "ஒனக்கென்ன கண்ணில பூ விழுந்திட்டா?" என்று சிரித்தார். "நீங்க இல்லாததப் பாக்கிறீங்க நாநா, வயசு போகுது" என்றேன். அவருக்கு ரோசம் வந்துவிட்டது. போட்டின் விளிம்பில் ஏறி நின்று, ஒரு கையை என் தோளில் வைத்துக்கொண்டு மற்றக் கையை நீட்டினார். "என்ட விரல் நுனியப் பாருடா" என்றார். நான் இன்னும் தெரியல்ல, தெரியல்ல என்று சிரித்துக்கொண்டிருந்தேன். பின்னாலே ஆழக்கடல் பக்கத்திலிருந்து ஒரு அலை வந்து போட்டைத் தூக்கிப் போட்டது. தோளில் இருந்த கை போய்விட்டது. அவர் தலை எஞ்சினில் அடிபட்ட சத்தம் கேட்டது. நான் குதித்தேன். விடியும் வரைக்கும் கத்திக்கொண்டு அந்த இடத்தையே சுற்றினேன். அவர் மேலே வரவில்லை.

வெள்ளி பார்க்க எழும்பினார் என்று பொலிஸில் சொன்னால், எழும்பி நிற்கிற அளவுக்கு என்ன வந்தது என்று கேட்பார்கள். பள்ளிவாசலிலும் கேட்பார்கள். அதனால் வலை என்றேன். உங்கள் முகத்தைப் பார்த்து வலை என்று சொல்ல முடியவில்லை. பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விழுங்கிவிட்டேன். நீங்கள் சந்தேகப்பட்டதில் பிழை இல்லை மதினி. நான் மறைத்தது ஆளை என்று மட்டும்தான் பிழையாக நினைத்தீர்கள்.

நான் தெரியுது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் இருந்த இடத்திலேயே இருந்திருப்பார். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றாலும் செய்யுங்கள். கீழே கையொப்பம் போட்டிருக்கிறேன்.

ரிப்கான்


மாம்புரி
2023 ஜூலை 5

தம்பி,

பெருநாள் முடியட்டும் என்று இருந்தேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் திரும்பத் திரும்ப வாசித்தேன். முதல் நாள் உங்கள் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நீங்கள் எதிரில் நின்றிருந்தால் கையில் கிடைத்ததை எறிந்திருப்பேன். இரண்டாம் நாள் என் ஆத்திரம் என் பக்கம் திரும்பிவிட்டது. ஏனென்று எழுதுகிறேன்.

என் முதல் கடிதத்தில் ஒரு பொய் இருக்கிறது. அவர் எனக்கு அந்த வெள்ளியை ஒருநாளும் காட்டியதில்லை என்று எழுதினேன். காட்டினார். கல்யாணம் முடித்த இரண்டாம் வருஷம், இதே முற்றத்தில். எனக்குப் பின்னால் நின்று, என் கையைப் பிடித்து என் விரலாலேயே காட்டினார். எனக்குத் தெரியவில்லை. குளிர், நித்திரை வேறு. "தெரியுது, தெரியுது, சிவப்பா ஈக்கிது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அவருக்கு அவ்வளவு சந்தோசம். அதற்குப் பிறகு என்னிடம் அதைப் பற்றிக் கேட்டால் மாட்டிக்கொள்வேன் என்று கதையை மாற்றிவிடுவேன். அதனால்தான் உங்களோடு கதைத்தார். ஜூன் பதினேழாம் திகதிதான் நான் அதை முதன்முதல் கண்டேன்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று இப்போது எழுத மாட்டேன். எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். கண்டதைச் சொன்னீர்கள், அவ்வளவும் போதும். இந்த வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு அவருக்கு மையத்து இல்லாமலே காயிப் ஜனாஸா தொழ வைக்கிறார்கள். ஒன்றேமுக்கால் வருஷமாக நான்தான் விடவில்லை. நீங்கள் வர வேண்டும். முன் வரிசையில் நில்லுங்கள். போகும்போது என் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும், தாண்டிப் போங்கள். உங்களுக்குப் பின்னால் நான் எட்டிப் பார்க்க மாட்டேன்.

உம்மாவிடம் அந்த வெள்ளைச் சாறியைக் கேட்டு வாங்கினேன். இனி இத்தா இருக்கிறேன், எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று மௌலவியிடம் கேட்டனுப்பினேன். அவர் வீட்டுக்கே வந்து திரைக்கு வெளியே இருந்து சொன்னார். "இத்தா மௌத்தான நாளில இருந்துதான் புள்ள, நீங்க அறிஞ்ச நாளில இருந்து இல்ல. அது முடிஞ்சி ஒரு வருஷத்துக்கு மேல. இனி ஒங்களுக்கு இருக்க இத்தா இல்ல." சாறியைத் திரும்ப மடித்து உம்மாவிடம் கொடுத்தேன்.

பிறகு நாள் எண்ணிப் பார்த்தேன். எண்ணுவது இப்போது எனக்குப் பழகிவிட்டது. பிறைக் கணக்கில் என் இத்தா 2022 பெப்ரவரி பத்தாம் திகதி முடிந்திருக்கிறது. அன்றைக்கு நான் என்ன செய்தேன் என்று தையல் கொப்பியைப் புரட்டினேன். அன்று ஒன்றும் தைக்கவில்லை. களவாக வெளிநாடு போகப் பார்த்துப் பிடிபட்ட போட் ஒன்றில் இருந்தவர்களைக் கொண்டு வருகிறார்கள் என்று யாரோ சொல்ல, அவர் படத்தை எடுத்துக்கொண்டு நீர்கொழும்புக்குப் போனேன். கூட்டத்தில் அவர் கண்ணுக்கு நான் சட்டென்று தெரிய வேண்டும் என்று, அவருக்குப் பிடித்த ரோசாப்பூ நிறச் சாறி உடுத்து, கண்ணுக்குச் சுர்மாவும் போட்டிருந்தேன்.

அஸ்கா